பச்சை பீரோ

கலியமூர்த்தியின் கையில் மைக் கிடைத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க ஒரே வழிதான் உண்டு, மின்சாரத்தை நிறுத்துவது. அடுக்ககத்தின் அறுநூற்று நாற்பது குடும்பங்களுக்கும் இது தெரியும். ஏரியை மூடி எழுப்பிய அந்த ஐம்பது மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். தேர்தல் நடக்காமல் இல்லை. எதிர்த்து நிற்பவரை அவர் வாழ்த்திப் பேசுவார். வாழ்த்து முடிவதற்குள் எதிராளி வேட்புமனுவை வாபஸ் வாங்கியிருப்பார்.

அப்படிப்பட்டவர் தன் ஒரே மகள் இளவேனிலின் கல்யாண மேடையில் சும்மா இருப்பாரா? தாலி கட்டி மஞ்சள் ஈரம் காயவில்லை, மைக்கை வாங்கிவிட்டார்.

"பெண்ணைக் கொடுத்துவிட்டு அவள் பெயரில் ஒரு தட்டை மட்டும் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள் சிலர். அது சந்தேகத்தின் தட்டு! பாதி மனதோடு கொடுக்கும் வழக்கம் என் குடும்பத்தில் இல்லை!"

இலாகாவின் கையடக்கக் கருவியை மேடைக்கே வரவழைத்து, மகள் பெயரில் இருந்த தட்டை விட்டுக்கொடுத்து எல்லோரும் பார்க்கக் கட்டைவிரலை வைத்தார். கைதட்டல் எழுந்தது. மாப்பிள்ளை தினகர் எழுந்து காலில் விழுந்தான். மேடையின் ஓரத்தில் மனைவி சொர்ணம் மட்டும், "என்னங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். நாதஸ்வரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

தட்டு என்றது பீரோவின் தட்டை. வீட்டுக்கு வீடு பச்சை பீரோ நிற்கும் காலம் அது. அரசாங்கம் வைத்த பெயர் ‘இல்லக் கழனி’. ஜனங்கள் பீரோ என்றார்கள், பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. ஆறடி உயரம், இரும்புக் கதவு, எண் பூட்டு. திறந்தால் பட்டுச்சேலையும் நகையும் இருக்காது. ஊதா வெளிச்சத்தில் ஏழு தட்டுகளில் கிழங்கும் பயறும் கீரையும் வளர்ந்துகொண்டிருக்கும். வெளியே வயல் என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. உப்பு ஏறியது போக மீதியில் இந்த மாதிரி அடுக்ககங்கள் வந்துவிட்டன. இருநூற்றைம்பது சதுர அடி வீட்டில் பீரோவுக்கு முதலில் இடம் ஒதுக்கி, அது போக மீதியில் மனிதர்கள் கை காலை மடக்கிப் படுத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் பீரோவை உடைத்துத் திருடினார்கள். ஒரு தட்டுக் கிழங்குக்குக் கொலை விழுந்தது. அப்போதுதான் விஞ்ஞானிகள் அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வீட்டில் விளைவதை அந்த வீட்டார் மட்டுமே சாப்பிட முடியும். வெளியார் தின்றால் ஒரு மணி நேரத்தில் குடலைப் புரட்டி எடுத்துவிடும். திருட்டு மறுநாளே நின்றது. கூடவே விருந்தும் நின்றது. அதைப் பற்றி எந்தக் குழுவும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து எட்டாவது மாதம், ஒரு காலை பத்து மணிக்கு, இளவேனில் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"வாம்மா!" என்றாள் சொர்ணம். மகளின் முகத்தைப் பார்த்தாள். வேறு எதையும் கேட்காமல் அடுப்பில் இருந்த கிழங்குக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய் அதை மேடையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எத்தனை நாளாச்சு சாப்ட்டு?"

"மூணு நாள். அவரு பீரோ நம்பரை மாத்திட்டாரு."

"மாத்திட்டாருன்னா? மறந்துட்டாரா?" என்றார் கலியமூர்த்தி. சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை இன்னும் மூடவில்லை.

"அவரு எதையும் மறக்கமாட்டாருப்பா. நான் லேட்டா எழுந்தா மாத்துவாரு. அவங்க அம்மாகிட்ட எதுத்துப் பேசினா மாத்துவாரு. கேட்டா சொல்லுவாரு. கேக்கற விதத்துல கேக்கணும்."

"எந்த விதத்துல?" என்றாள் சொர்ணம்.

இளவேனில் தண்ணீரைக் குடித்தாள்.

"கையை நீட்டறானா?"

"நீட்டினா தேவலையேம்மா. தழும்பக் காட்டலாம். பசியை யாருகிட்ட காட்டறது?"

கலியமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "குடும்பம் என்பது இரு கரைகளுக்கு நடுவே ஓடும்..."

"இங்க மைக் இல்லீங்க" என்றாள் சொர்ணம். "விருந்தாளி பொட்டலம் எத்தனை இருக்கு பாருங்க."

எந்தக் குடலும் ஏற்றுக்கொள்ளும் பொதுமாவு அது. வீட்டுக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு பொட்டலம் தருவார்கள். நனைந்த சுவரொட்டியை மென்றதுபோல் ருசி இருந்தாலும் வயிற்றில் தங்கும். கலியமூர்த்தி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். காலி என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி, மறுபடி ஏற்றி வைத்தார். சித்திரையில் ‘சங்கச் செம்மல்’ என்ற பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விழாவுக்குப் பன்னிரண்டு பிரமுகர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பொட்டலம். ஒரே மதியத்தில் வருடம் முடிந்துவிட்டது.

"நம்ம வீட்டுச் சோறை ஒரு வாய் கொடேன்" என்றார். "இருபத்தஞ்சு வருஷம் இங்க சாப்ட்ட பொண்ணு."

"உங்க கட்டைவிரலைக் கேளுங்க" என்றாள் சொர்ணம். செருப்பைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

எதிர்வீட்டு ஜெசிந்தாவின் தங்கை போன வருடம் ஊரிலிருந்து வந்திருந்தபோது, கீழ்த்தளத்திலிருந்து இரண்டு பொட்டலம் கைமாற்று வாங்கினாள். கைமாற்று கூடாது என்பது சங்கத்தின் தீர்மானம் எண் நாற்பத்தொன்று. தலைவரே முன்மொழிந்தது. ஜெசிந்தாவின் பெயரை மூன்று நாள் காலையும் மாலையும் ஒலிபெருக்கியில் வாசித்தார். வாசித்த குரலில் கண்டிப்பும் கருணையும் சம அளவில் இருந்ததாக அவரே பிறகு சொன்னார்.

ஜெசிந்தா மூன்று பொட்டலங்களோடு வந்தாள். சொர்ணத்தின் கையில் கொடுக்கவில்லை, நேராகத் தலைவரின் மேசைமேல், ஆண்டறிக்கையின் மேலேயே வைத்தாள்.

"இந்தாங்க தலைவரே. ஸ்பீக்கர்ல வாசிக்கறதா இருந்தா காலையிலயே வாசிச்சிடுங்க. சாயங்காலம் எனக்கு டியூட்டி, கேக்க முடியாது."

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். தலைவராக அவருக்கு எத்தனையோ வகை நன்றியுரை தெரியும். ஒன்றும் இந்தச் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தவில்லை.

"அவருக்கு ஒண்ணும் இல்ல, வேனிலுக்குத்தான்" என்றாள் ஜெசிந்தா, சொர்ணத்திடம். "சின்னதுல என் மடியில தூங்கின புள்ள. என்கிட்ட இருந்தது இவ்ளோதான் அக்கா. கேட்டுப் பாக்கறேன், பதினாலாவது மாடியில ரெண்டு பேரு குடுப்பாங்க. மத்தவங்க பயப்படுவாங்க. தலைவர் மாடிக்கு மாடி கேமரா வச்சிருக்காரே."

ஏழு பொட்டலம் சேர்ந்தது. வேளைக்கு ஒன்று சாப்பிட வேண்டியதை நாளைக்கு ஒன்றாக்கினால் ஏழு நாள்.

மறுநாள் கலியமூர்த்தி இல்லக் கழனி இலாகாவுக்குப் போனார். சால்வை போட்டுக்கொண்டு போனார். வரிசையில் நிற்கும்போது சால்வையை யாரும் கவனிக்காததால் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். உதவி அலுவலர் சுந்தரவடிவு கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசும் பெண்மணி.

"எங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுச் சோறு சாப்பிடணும். அவ்வளவுதான் விஷயம்" என்றார்.

"சார், பூட்டு செடியில இருக்கு, சாவி குடல்ல இருக்கு. உங்க வீட்டு ஆளுங்க குடல்ல இருக்கற கிருமி எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து பாத்து, அதால மட்டும் உடைக்க முடியற மாதிரி மாவைக் கட்டி வைக்குது அந்தச் செடி. வேற குடலுக்குப் போனா அது சோறு இல்ல, சோப்பு."

"அவளும் எங்க வீட்டு ஆளுதாம்மா! பொறந்ததுலேருந்து."

"குடலுக்கு அந்த நன்றியெல்லாம் கிடையாது சார். நூறு நாள் வேற பீரோவுல சாப்ட்டா பழைய கிருமி செத்துடும், புதுசு குடிவந்துடும். அதுக்குத்தானே மறுவீட்டுத் தட்டுன்னு ஒண்ணு வச்சிருக்கோம்? கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பொறந்த வீட்டு பீரோவுல ஒரு தட்டு. வாரத்துக்கு ஒரு வேளை வந்து சாப்ட்டுட்டுப் போனா ரெண்டு சாவியும் உயிரோட இருக்கும். இஷ்டப்பட்டா ஆயுசுக்கும் வச்சுக்கலாம். உங்க வீட்டுல..." திரையைப் பார்த்தாள். முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்களா சார் அது? தாலி கட்டி பத்தொன்பதாவது நிமிஷத்துல விட்டுக் குடுத்தீங்களே!"

"அது... ஒரு எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்று..."

"இருக்கு சார். எங்க ட்ரெய்னிங்ல உங்க வீடியோதான் போடறாங்க."

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். கலியமூர்த்தியின் கை பழக்கதோஷத்தில் பதிலுக்கு உயர்ந்தது.

"சரி. பொதுக் கஞ்சிக்கூடம் இருக்கே? அங்கயாவது..."

"அது வீடில்லாதவங்களுக்கு. உங்க பொண்ணுக்கு வீடு இருக்கே சார்."

"அங்க அவளுக்குச் சோறு போடமாட்டேங்கறான்!"

"அவங்க பேர்ல ரெண்டு தட்டு ஓடுது. நல்ல விளைச்சல்னு காட்டுது. கதவு திறக்குதா இல்லயாங்கறது எங்க கணக்குல வராது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து உக்காருவாங்க சார், அந்த பெஞ்சுல. எல்லாம் பொண்ணோட அப்பாங்கதான். ஒரு வழி இருக்கு. உங்க பீரோவைக் கழுவிக் காலி பண்ணிட்டு, மூணு பேரு சாவியும் சேர்த்துப் புதுசா விதைக்கணும். நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் மூணு பேருக்கும் இலாகா கஞ்சி. ஆனா உங்க வீட்டு வாசல்ல ‘மாதிரி இல்லம்’னு பலகை இருக்குமே, அதை எடுத்துடுவோம்."

"எடுங்க" என்றார். ஒரே சொல். பதினோரு வருடத்தில் அவர் பேசிய மிகச் சிறிய உரை அதுதான்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சுந்தரவடிவு அதை வாங்கவில்லை.

"இதோட அந்த வீட்டு விடுவிப்பும் வேணும். ஒரு வயித்துக்கு ரெண்டு பீரோ கிடையாது. அங்க பேரை எடுத்தாத்தான் இங்க ஏத்த முடியும்."

"யாரு எடுக்கணும்?"

"பீரோ நம்பர் யாருகிட்ட இருக்கோ அவங்க."

அன்று மதியம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். தினகரின் குரல் எப்போதும் மெதுவாக இருக்கும். மெதுவாகப் பேசுகிறவன் நல்லவன் என்று சொல்லித்தான் அவர் இந்தச் சம்பந்தத்தையே முடித்தார்.

"நான் எப்ப மாமா அவளை வேணாம்னு சொன்னேன்? அவ தட்டுல கிழங்கு முத்திக் கெடக்கு. வந்து சாப்ட சொல்லுங்க."

"விடுவிப்புல ஒரு கையெழுத்து மட்டும் மாப்ள. கொஞ்ச நாள் இங்க இருந்துட்டு..."

"நீங்கதானே மாமா மேடையில சொன்னீங்க, பாதி மனசோட குடுக்கற வழக்கம் இல்லன்னு? வாங்கறவனும் அப்படித்தான். முழுசாத்தான் வாங்கிக்கிட்டேன்."

வக்கீலைப் பார்த்தார். தெரிந்த வக்கீல், சித்திரை விழாவில் ஒரு பொட்டலம் சாப்பிட்ட பன்னிரண்டு பேரில் ஒருவர். நல்ல வழக்கு என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். இரண்டரை வருடத்தில் தீர்ப்பு வாங்கிவிடலாமாம்.

"அதுவரைக்கும் என்ன சாப்பிடுவா?" என்றார் கலியமூர்த்தி.

"இடைக்கால மனு போடலாம். அதுக்கு ஒரு எட்டு மாசம்" என்றார் வக்கீல்.

ஏழாவது பொட்டலம் முடிந்த மறுநாள், சொர்ணம் கீரை கடைந்தாள். பூண்டு தட்டிப் போட்ட கீரை வாசனை அந்தச் சின்ன வீட்டில் எங்கே போய் ஒளிந்தாலும் வந்து பிடிக்கும். கணவனும் மனைவியும் மகளைப் பார்க்க வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல், ஒரு வாரமாக ஆளுக்கொரு முறை குளியலறைக்குள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வந்தார்கள்.

"உள்ள போகாதம்மா. இங்கயே உக்காந்து எனக்கு ஒரு வாய் பிசைஞ்சு குடு" என்றாள் இளவேனில்.

"வேணாம்டி."

"பழகிடும்மா. பழைய கிருமி ஒண்ணு ரெண்டாவது ஒளிஞ்சிட்டு இருக்காதா? கூப்ட்டா வராதா?"

சொர்ணம் கணவனைப் பார்த்தாள். கலியமூர்த்தி பீரோவைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. கிழங்கை மசித்து, கீரையைப் பிசைந்து, உருட்டிக் கையில் வைத்தாள். இளவேனில் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இன்னும் ஒன்று கேட்டாள். இன்னும் ஒன்று. கல்யாணத்துக்கு முன் கேலியாகச் சொல்வதுபோல், "உப்பு கம்மி" என்றாள். சொர்ணம் சிரித்தேவிட்டாள். ஒரு மணி நேரம் அந்த வீட்டில் எல்லாம் சரியாகப் போய்விட்டதுபோல் இருந்தது. கலியமூர்த்திக்கு மனதுக்குள் ஓர் உரைகூட உருவாக ஆரம்பித்தது. ‘விஞ்ஞானத்தை வென்ற தாயன்பு’ என்று தலைப்பு.

தலைப்பைத் தாண்டுவதற்குள் அவள் குளியலறைக்கு ஓடினாள்.

மாலை வரை ஜெசிந்தாதான் கூட இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். குளுக்கோஸ் பாட்டிலைப் பீரோவின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டாள், வேறு இடம் இல்லை. எடை பார்த்தார்கள். முப்பத்தெட்டு கிலோ.

"இன்னொரு தடவை இது வேணாம் அக்கா" என்றாள் ஜெசிந்தா. "தாங்காது."

"குளுக்கோஸ்ல வண்டி ஓடாதா?" என்றாள் சொர்ணம்.

"ஓடும். நாலு நாள்." தலைவர் பக்கம் திரும்பினாள். எந்தக் குத்தலும் இல்லாமல் சொன்னாள், அதுதான் அவரை அடித்தது. "ஏதாவது பண்ணுங்க சார்."

மூன்றாம் நாள் காலை இளவேனில் தலை வாரிக்கொண்டாள். துணிப்பையை எடுத்து வாசலில் வைத்தாள்.

"அப்பா, என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க."

இப்படி ஒரு சொல்லை மகள் சொன்னால் தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்பது கலியமூர்த்திக்கு நன்றாகத் தெரியும். ‘என் உயிர் உள்ளவரை’ என்று தொடங்கும். பத்து மேடையில் பேசியிருக்கிறார். இன்றைக்குச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டும்போது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. அது துக்கம் என்று முதலில் நினைத்தார். லிஃப்டில் இறங்கும்போதுதான் அது நிம்மதி என்று தெரிந்தது.

சொர்ணம் வாசலுக்கு வரவில்லை. பீரோவின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தினகரின் வீடு இரண்டு நிறுத்தம் தள்ளி, இதே மாதிரி இன்னொரு அடுக்ககத்தில் இருபத்தேழாவது மாடி. நடுப்பகல். கதவைத் திறந்த சம்பந்தியம்மாள் புஷ்பவல்லி, "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்களே" என்று மின்விசிறியைப் போட்டாள். மருமகளைப் பார்த்து, "இளைச்சிட்டியே கண்ணு" என்றாள். அதில் பொய் இருந்ததாகச் சொல்ல முடியாது.

பீரோ மூடியிருந்தது. தினகர் அதன் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மாமனாரைக் கண்டதும் எழுந்து அந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்தான். மரியாதையில் குறையே வைக்கவில்லை.

"நம்பரைப் போடுங்க மாப்ள" என்றார் கலியமூர்த்தி. "முதல்ல அவ சாப்பிடட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்."

"போடறேன் மாமா. பேசறதுக்கு என்ன இருக்கு? எப்படிக் கேக்கணும்னு அவளுக்குத் தெரியும்."

இளவேனில் நின்றாள். பீரோவின் கதவிடுக்கில் ஊதா வெளிச்சம் கோடு போட்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"தப்புதான் மாப்ள" என்றார் கலியமூர்த்தி. எழுந்து நின்றார், கும்பிட்டார். "எங்க தப்பு. பெரியவன் நான் கேக்கறேன், மன்னிச்சிடுங்க."

"ஐயோ, நீங்க எதுக்கு மாமா? உக்காருங்க. அவ சொல்லட்டும்."

அவர் மகளைப் பார்த்தார். அவளும் அப்போதுதான் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். ஏதாவது சொல்லுவார் என்று நம்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் அவ்வளவு பேசியவர், இதற்கென்று ஒன்று வைத்திருக்கமாட்டாரா?

"சொல்லிடும்மா" என்றார்.

அவள் சொன்னாள். நீளமாக இல்லை, நான்கு வாக்கியம் இருக்கும், மனப்பாடமாக இருந்தது. அவர் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்து மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று எண்ணியபோது பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிழங்கும் பயறும் அவித்து ஏற்கெனவே தயாராக இருந்தன. முதல் இரண்டு வாய் மெதுவாக இறங்கியது. பிறகு கை வேகமெடுத்தது. விரலை நக்கினாள். புஷ்பவல்லி இன்னும் ஒரு கரண்டி போட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அவள் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கலியமூர்த்திக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் தனக்குள் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

"அப்ப நான் கிளம்பறேம்மா" என்று எழுந்தார்.

இளவேனில் கையைக் கழுவிவிட்டு வந்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பெரிய வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தவரை உபசரிக்கும் குரலில், சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"சாப்ட்டுட்டுப் போங்கப்பா."

கேலியா, வாய்ப்பழக்கமா என்று அவள் முகத்தில் தேடினார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இருக்கட்டும்மா" என்றார் கலியமூர்த்தி. "வீட்டுல போய்ச் சாப்ட்டுக்கறேன்."